காலப்பயணக் கதைக்கு எந்த மந்திரப் பொருள்?

காலப்பயணக் கதை எழுதப்போகிறீர்களா? மந்திரக் கடிகாரம் வேண்டாம், சலித்துப்போன சங்கதி. ஓட்டைக் காலணாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளையிட்டு 1943 முதல் 1947 வரை அச்சடித்த காசு அது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆண்டு அதிலேயே பொறித்திருக்கும். அதற்கு முன்னால் போக முடியாது என்று விதி வைத்துவிடுங்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றால் கதையில் பிடிமானமே இருக்காது.

அப்புறம், முக்கியமான விஷயம்: அந்தக் காலத்தில் இது செல்லுபடியாகும் காசு. நாயகியின் தம்பி பசியில் அதைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டால்? கல்லாவில் அதேபோல் நூறு காசு கிடக்கும். எது மந்திரக் காசு என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்?