டார்கெட்டுக்கும் எப்பவாவது வேட்டைக்கும் ஒரே ரைஃபிள்: புதுசா வாங்குறவங்களுக்கு

ரெண்டுக்கும் ஆகுற மாதிரி ஒரே ரைஃபிள் வேணும்னு கேக்குறவங்கள்ல முக்கால்வாசி பேரு மனசுல மானையும் பன்னியையும் வச்சுக்கிட்டுதான் கடைக்குப் போறாங்க. ஆனா வாங்குனதுக்கப்புறம் சுடுற தோட்டா எல்லாம் போய் விழறது பேப்பர் டார்கெட்லதான். அதனால நான் இங்க வரிசையை மாத்தி சொல்றேன், முதல்ல பேப்பருக்கு எது நல்லதுன்னு பாப்போம், அப்புறம் அது வேட்டைக்குப் பத்துமான்னு பாப்போம்.

ஸ்டெப் 1: சட்டமும் ரேஞ்சும்

லைசென்ஸ் இல்லாம எதையும் யோசிக்காதீங்க. உங்க ஊர் சட்டத்துல எந்த காலிபர் (குண்டோட குறுக்களவு, அதை வச்சுதான் தோட்டா வகையைச் சொல்வாங்க) வச்சுக்கலாம், எந்த மிருகத்தை எந்த சீசன்ல சுடலாம், அதுக்கு குறைஞ்சபட்ச காலிபர் ஏதாவது இருக்கான்னு முதல்ல கேட்டு வச்சுக்கோங்க. அதே மாதிரி நீங்க போகப்போற ரேஞ்ச் எத்தனை மீட்டர், சென்டர்ஃபயர் (அடிப்பகுதியோட நடுவுல பின் குத்தி வெடிக்கிற தோட்டா, .22ஐவிட சக்தி ஜாஸ்தி) விடுவாங்களான்னும் கேளுங்க. 50 மீட்டர் ரேஞ்ச் மட்டும்தான் இருக்குன்னா பாதி கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சிரும்.

ஸ்டெப் 2: காலிபர்

இதுலதான் எல்லாரும் மாட்டுவாங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

.22 எல்ஆர் (லாங் ரைஃபிள்). 1887ல வந்த தோட்டா, இன்னைக்கும் ஒலிம்பிக்ஸ்ல 50 மீட்டர் ரைஃபிளுக்கு இதுதான். உதையே தெரியாது, சத்தம் குறைவு, தோட்டா விலையும் மத்ததைவிட ரொம்பக் கம்மி, ஒரே நாள்ல நூறு சுட்டாலும் தோள் வலிக்காது. முயல், அணில் மாதிரி சின்னதுக்குப் போதும். ஆனா 50 மீட்டருக்கு ஜீரோ பண்ணுன (அந்த தூரத்துல குறி வச்ச இடத்துலயே குண்டு விழற மாதிரி செட் பண்ணுன) ரைஃபிள்ல 100 மீட்டர்ல சுட்டா குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் கீழ இறங்கிரும், காத்து அடிச்சா பக்கவாட்டுலயும் தள்ளும். மானுக்கு இது கூடவே கூடாது, சாகாம காயத்தோட ஓடும், அதைவிடப் பாவம் எதுவும் இல்ல.

.223 ரெமிங்டன். சென்டர்ஃபயர்ல உதை ரொம்பக் கம்மியானது, 200, 300 மீட்டர் டார்கெட்டுக்கு அருமை. வேட்டைன்னா நரி சைஸ் வரைக்கும்னு வச்சுக்கோங்க, மானுக்கு பல இடத்துல சட்டமே விடாது.

மான் உங்க லிஸ்ட்ல உண்மையாவே இருக்குன்னா .243 வின்செஸ்டர், 6.5 க்ரீட்மோர், .308 வின்செஸ்டர் இந்த மூணுல ஒண்ணு. .243 உதை கம்மி. .308 1952ல இருந்து இருக்கு, தோட்டா எங்கயும் கிடைக்கும், ஆனா லேசான ரைஃபிள்ல சுட்டா புதுசானவங்க இருபது ரவுண்டுக்குள்ள தோளைச் சுருக்க ஆரம்பிச்சிருவாங்க, ட்ரிகரை இழுக்குறதுக்கு முன்னாடியே கண்ணு மூடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா கழட்டுறது கஷ்டம். 6.5 க்ரீட்மோர் 2007ல டார்கெட்டுக்குன்னே கொண்டு வந்தது, உதை .308ஐவிட கம்மி, தூரத்துல காத்துக்கும் நல்லா நிக்கும், மானுக்கும் தாராளம். ஒரே ரைஃபிள்தான், அதுல மானும் அடிக்கணும்னா என் ஓட்டு இதுக்குத்தான்.

மத்தவங்களுக்கெல்லாம் நான் சொல்றது .22. சலிப்பான பதில்தான், தெரியும். ஆனா பெரிய காலிபர்ல ஒரு பெட்டி வாங்குற காசுக்கு இதுல பல பெட்டி வாங்கி சுடலாம், அவ்வளவு பழகுனவன் கையில அடுத்த ரைஃபிள் தானா வந்து உக்காரும்.

ஸ்டெப் 3: ஆக்‌ஷன்

போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்டை (தோட்டாவை உள்ள தள்ளி அடைக்கிற கம்பி) இழுத்துத் தள்ளுறதுனால நிதானம் வரும், கிளீன் பண்றது ஈஸி, போல்ட்டைக் கழட்டிட்டா சேம்பர் (தோட்டா உக்காருற இடம்) காலியான்னு நேராப் பாத்துக்கலாம். அவ்வளவுதான்.

ஸ்டெப் 4: வெயிட்டும் பேரலும்

டார்கெட்டும் வேட்டையும் சண்டை போடுற இடமே இதுதான். டார்கெட் ரைஃபிள் 5 கிலோவைத் தொடும், பேரல் தடியா இருக்கும், அசையாம நிக்கும், சூடானாலும் குண்டு சீக்கிரம் இடம் மாறாது. வேட்டை ரைஃபிள் 3 கிலோ சுத்தி, பேரல் மெலிசு, தூக்கிட்டு மலை ஏறலாம், ஆனா தொடர்ந்து அஞ்சாறு சுட்டா சூடேறி க்ரூப் (ஒரே குறிக்கு சுட்ட குண்டுங்க சேந்து விழற இடம்) விரிய ஆரம்பிக்கும். எப்பவாவது வேட்டைக்குப் போறவருக்கு நடுத்தர தடிமன் பேரல், ஸ்கோப்போட சேத்து 4 கிலோ பக்கம் வர்றது சரியா இருக்கும். கடையில ரெண்டு நிமிஷம் தூக்கிப் பாத்துட்டு லேசா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, பத்து நிமிஷம் கையிலயே வச்சிருங்க.

அப்புறம் ட்விஸ்ட். பேரலுக்குள்ள இருக்குற வரி எத்தனை இஞ்சுக்கு ஒரு சுத்து சுத்துதுங்குறதுதான் இது. நீளமான கனமான குண்டுக்கு வேகமான ட்விஸ்ட் வேணும். .223ல 12 இஞ்சுக்கு ஒரு சுத்துன்னா 55 க்ரெய்ன் (குண்டோட எடையைச் சொல்ற அளவு) குண்டு வரைக்கும் ஓடும், 77 க்ரெய்ன் சுடணும்னா 7 அல்லது 8 இஞ்ச் தேடணும். .22ல இந்தக் கவலையே கிடையாது.

ஸ்டெப் 5: உடம்புக்கு ஒத்து வருதா

முதல்ல உங்க எந்தக் கண்ணு மெயின் கண்ணுன்னு பாருங்க. ரெண்டு கண்ணும் திறந்து தூரத்துல ஒரு புள்ளியை விரலால காட்டி, ஒவ்வொரு கண்ணா மூடுங்க, எந்தக் கண்ணு திறந்திருக்கும்போது விரல் நகராம இருக்கோ அதுதான். வலது கைக்காரருக்கு இடது கண்ணு மெயினா இருந்தா கடைக்குப் போறதுக்கு முன்னாடியே கோச்சுகிட்ட பேசிருங்க.

காலின்னு உறுதி பண்ணுன ரைஃபிளை, ஆளில்லாத பக்கமாத் திருப்பி, கண்ணை மூடிட்டு தோள்ல வச்சு கன்னத்தை ஸ்டாக்ல (ரைஃபிளோட கட்டைப் பகுதி) சாய்ச்சுட்டு கண்ணைத் திறங்க. ஸ்கோப்ல முழு வட்டமும் தெரிஞ்சா சரி. தலையைத் தூக்கணும்னா கன்னம் வைக்கிற இடம் தாழ்வா இருக்குன்னு அர்த்தம். அட்ஜஸ்ட் பண்ற ஸ்டாக் இருந்தா கொஞ்சம் அதிகம் குடுத்தாலும் தப்பில்ல.

ஸ்டெப் 6: ட்ரிகர்

இழுவை வழவழப்பா இருந்து சட்டுன்னு விடணும், நரநரன்னு உரசக்கூடாது. 1 கிலோவுல இருந்து ஒன்றரை கிலோ எடை ரெண்டு வேலைக்கும் பொருந்தும். ரொம்ப லேசான ட்ரிகர் குளிர்ல விறைச்ச விரலுக்கு ஆபத்து. கடையில காலியா ட்ரிகர் இழுத்துப் பாக்கணும்னா கேட்டுட்டு இழுங்க, சில .22 ரைஃபிள்ல தோட்டாவை அடிக்கிற பின் போய் சேம்பர் விளிம்பைக் குத்திரும்.

ஸ்டெப் 7: ஸ்கோப்

காசு முழுக்க ரைஃபிள்ல போட்டுட்டு ஸ்கோப்ல மிச்சம் பிடிக்காதீங்க. 3-9 இல்லன்னா 4-12 பவர் (எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்ங்குறது) போதும். 24 பவர் மரத்துக்கு நடுவுல மிருகத்தைத் தேட விடாது. .22க்குன்னா பாரலாக்ஸ் (கண்ணு நகர்ந்தா ஸ்கோப்ல குறியும் நகர்ற மாதிரி தெரியுறது) 50 மீட்டர் கிட்ட சரி பண்ணி வச்சதா, இல்லன்னா மாத்திக்கிற மாதிரி வாங்குங்க. ஸ்கோப் திருகு ஒவ்வொரு க்ளிக்குக்கும் கால் எம்ஓஏ (எம்ஓஏங்குறது ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) நகர்ந்தா 100 மீட்டர்ல ஒரு க்ளிக்குக்கு சுமார் 7 மில்லிமீட்டர் நகரும்.

ஸ்டெப் 8: தோட்டா தேடுறது

ஒரே காலிபர், ஒரே மாடல்னாலும் ஒவ்வொரு பேரலுக்கும் பிடிச்ச தோட்டா வேற. நாலஞ்சு கம்பெனி தோட்டா ஒவ்வொரு பெட்டி வாங்கி, சப்போர்ட் வச்சு அஞ்சு அஞ்சா சுட்டு க்ரூப்பை அளந்து பாருங்க. மூணு குண்டு க்ரூப்பை நம்பாதீங்க, அதிர்ஷ்டத்துல ஒட்டி விழும். காதுக்கு மஃப் போடாம ஒண்ணு கூட சுடாதீங்க, .22 ஆனாலும் சரி, கண்ணாடியும் அதே மாதிரிதான்.

கடைசியா ஒண்ணு, ரெண்டு வேலைக்கும் வச்சிருக்கறவங்க மறக்குறது. மேட்ச் குண்டுல (டார்கெட் போட்டிக்குன்னு செஞ்சது) மூக்குல ஓட்டை இருக்குதேன்னு அதை வேட்டைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, பெரும்பாலும் அது விரியுறதுக்காக வச்ச ஓட்டை இல்ல. வேட்டைக்கு விரியுற குண்டு தனியா வாங்கணும், அது டார்கெட் குண்டு விழற இடத்துல விழாது. ரெண்டுக்கும் எத்தனை க்ளிக் வித்தியாசம்னு 100 மீட்டர்ல சுட்டுப் பாத்து ஒரு சீட்டுல எழுதி ஸ்டாக்ல ஒட்டிருங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ரேஞ்சுல போய் ஒரு தடவை சரி பாத்துருங்க.