ஸ்க்ரம் டீம்ல புதுசா சேர்றீங்களா? யாரு எதை முடிவு பண்ணணும்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க

அஜைல்னு (சாஃப்ட்வேரச் சின்னச் சின்ன துண்டா செஞ்சு, அப்பப்ப காட்டித் திருத்திக்கிற முறை) சொன்னாலே டெய்லி காலைல நின்னுக்கிட்டு பேசுற மீட்டிங்னுதான் பாதி பேரு நெனைக்கிறாங்க. 2001ல அமெரிக்காவுல யூட்டால 17 பேரு கூடி எழுதுன அஜைல் மேனிஃபெஸ்டோவ எடுத்துப் பாருங்க, அதுல ஸ்டாண்டப்ங்கற வார்த்தையே கெடையாது. அஜைல்ல ஒரு வகையான ஸ்க்ரம் அதுக்கும் முன்னாடியே வந்தது, அதை உருவாக்குன கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995லயே ஒரு மாநாட்டுல அதைப் பத்தி பேசிட்டாங்க.

ஸ்க்ரம்ல மூணே ரோல்தான். ப்ராடக்ட் ஓனர், டெவலப்பர்ஸ், ஸ்க்ரம் மாஸ்டர். இதுல டெவலப்பர்ஸ்னா கோட் எழுதறவங்க மட்டும் இல்ல, டெஸ்டர் டிசைனர் எல்லாரும் அதுக்குள்ளதான். எது மொதல்ல வேணும்னு பேக்லாக்க (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) வரிசைப்படுத்தறது ப்ராடக்ட் ஓனர் வேலை, அது ஒரே ஆளாத்தான் இருக்கணும், நாலு பேரு சேந்து ஓனரா இருந்தா நாலு வரிசை வரும். இந்த ஸ்ப்ரிண்ட்ல (சில வாரத்துக்குன்னு வெச்சுக்கற ஒரு வேலைச் சுற்று) எவ்ளோ எடுக்கறது, எப்படி செய்யறதுங்கறது டெவலப்பர்ஸ் முடிவு. ஸ்க்ரம் மாஸ்டர் மேனேஜர் கெடையாது, டீமுக்கு எங்க முட்டுதோ அந்தத் தடைய எடுத்து விடறவரு. நான் மொதல்ல சேந்த டீம்ல ஸ்ப்ரிண்ட் லிஸ்ட்ட மேலருந்தே ரெடி பண்ணி அனுப்பிருவாங்க, நாங்க தலையாட்டுவோம், கடைசி ரெண்டு நாளு ராத்திரி முழுக்க முழிச்சிருப்போம், அதுக்குப் பேரும் அஜைல்தான்.

சரி, வேலைய எப்படிப் பிரிக்கறது? புதுசா வர்றவங்க சறுக்கறது இங்கதான். 'பாஸ்வேர்ட் மறந்தவங்க திரும்ப உள்ள வரணும்'னு ஒரு ஸ்டோரி, அதாவது யூசருக்கு வேணுங்கற ஒரு விஷயம், இருக்குன்னு வெச்சுக்கங்க. உடனே ஒருத்தரு டேட்டாபேஸ், ஒருத்தரு ஏபிஐ (ஸ்க்ரீனையும் டேட்டாபேஸையும் இணைக்கற பகுதி), ஒருத்தரு ஸ்க்ரீன்னு பிரிச்சுக்குவாங்க. ஸ்ப்ரிண்ட் முடியறப்ப மூணும் முக்கால்வாசி முடிஞ்சிருக்கும், ஆனா யூசரு கையில குடுக்க ஒண்ணும் இருக்காது. அதுக்குப் பதிலா மேலருந்து கீழ வரைக்கும் சின்ன துண்டா வெட்டுங்க: மொத துண்டு, மெயில்ல ஒரு லிங்க் வரும், அது ஒரு தடவைதான் வேலை செய்யும், கொஞ்ச நேரத்துல காலாவதி ஆயிரும், அழுத்துனா புது பாஸ்வேர்ட் வெச்சுக்கலாம், அவ்ளோதான். மொபைல் ஓடிபி அடுத்த துண்டு. மொத துண்ட மட்டும் ரிலீஸ் பண்ணாலும் யாரோ ஒருத்தரு உள்ள வந்துருவாரு இல்லையா.

அதோட 'முடிஞ்சுது'ன்னா என்னன்னு ஆரம்பத்துலயே எல்லாரும் ஒத்துக்கணும், கோட இன்னொருத்தரு பாத்து ரிவ்யூ ஆச்சா, டெஸ்ட் ஆச்சான்னு. இதைத்தான் டெஃபினிஷன் ஆஃப் டன்னு சொல்றாங்க. 'முடிஞ்சுது, டெஸ்டிங் மட்டும் பாக்கி'ன்னு யாராவது சொன்னா அது முடியலன்னு அர்த்தம்.

ஒரு வேலை எவ்ளோ பெருசுன்னு கணிக்க, ஆளாளுக்கு நம்பர் கார்ட் போடற ப்ளானிங் போக்கர் விளையாடறப்ப கார்ட எல்லாரும் ஒரே நேரத்துல காட்டணும், இல்லன்னா சீனியர் சொன்ன நம்பருக்குப் பின்னாடியே எல்லாரும் போயிருவாங்க. ஒருத்தரு 3, இன்னொருத்தரு 13 போட்டா சண்டை வேண்டாம், அந்த ரெண்டு பேரையும் பேச விடுங்க, பெரும்பாலும் 13 போட்டவருக்கு மத்தவங்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் தெரிஞ்சிருக்கும். அந்த நம்பர, அதாவது ஸ்டோரி பாயிண்ட்ட வெச்சு ரெண்டு டீம ஒப்பிடறது மட்டும் சுத்த வேஸ்ட்டு (ஸ்க்ரமோட அதிகாரப்பூர்வ விதிப் புத்தகமான ஸ்க்ரம் கைட்ல ஸ்டோரி பாயிண்ட்டே கெடையாது, அது வேற கதை).

மொதல்ல சொன்ன அந்த தினசரி மீட்டிங், டெய்லி ஸ்க்ரம், 15 நிமிஷம், அதுக்கு மேல போகக் கூடாது. 'நேத்து என்ன செஞ்சே, இன்னிக்கு என்ன, ஏதாவது தடையா'ன்னு ஒப்பிக்கிற அந்த மூணு கேள்விய 2020 கைட்லயே எடுத்துட்டாங்க, இன்னும் பல டீம் விடல. வேலைங்கள நிலைவாரியா ஒட்டி வெச்சிருக்கற போர்டுல வலது பக்கத்துலருந்து, அதாவது முடியறதுக்குப் பக்கத்துல இருக்கறதுலருந்து ஆரம்பிங்க. 'ரீசெட் லிங்க் மூணு நாளா ரிவ்யூலயே நிக்குதே, யாரு பாக்கறீங்க?' அப்படின்னு கேட்டு, ஒருத்தரு 'நான் லஞ்சுக்கு முன்னாடி பாத்துடறேன்'னு சொன்னா மீட்டிங் உருப்பட்டுச்சு. எல்லாரும் மேனேஜர் மூஞ்சியப் பாத்து பேசறாங்கன்னா அது ஸ்டேட்டஸ் மீட்டிங்.

ஸ்ப்ரிண்ட் கடைசில செஞ்சதைக் காட்டற ஸ்ப்ரிண்ட் ரிவ்யூல ஸ்லைட் வேண்டாம், ஓடுற சாஃப்ட்வேரக் காட்டுங்க. எப்படி வேலை செஞ்சோம்னு டீம் திரும்பிப் பாக்கற ரெட்ரோல பத்து குறை எழுதி ஒட்டிட்டு எந்திரிச்சுப் போகாம, ஒண்ணே ஒண்ண எடுத்து, யாரு செய்யப்போறாங்கன்னு பேரு போட்டு, அடுத்த ஸ்ப்ரிண்ட் பேக்லாக்ல மத்த வேலையோட சேத்தே வெச்சிருங்க.