அணு உலையின் வெள்ளோட்டம்: எங்கே சறுக்குகிறார்கள்?

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் புதுத்தேர் செய்தபோது, திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விட்டார்கள். சனமெல்லாம் கலசத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, தேர் செய்த ஆசாரி மட்டும் குனிந்தபடி பின்சில்லோடு நடந்து வந்தார். வடக்கு வீதி முடக்கில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அச்சில் சில்லு உரசும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. கோயில் நிர்வாகத்தாரின் முகம் கறுத்துப் போனது. "இண்டைக்கு நிண்டது நல்லம். தேரண்டைக்கு நிண்டால் என்ன செய்வியள்?" என்றார் ஆசாரி.

புது அணுமின் நிலையத்தின் கமிஷனிங்கும், அதாவது கட்டி முடித்ததைச் சோதித்துச் சோதித்து உற்பத்திக்குக் கொண்டு வருவதும், இப்படியொரு வெள்ளோட்டம்தான். கிளிநொச்சியில் பொறியியல் படித்துவிட்டு வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகள், இதில் எங்கே சறுக்குகிறார்கள் என்று கேட்பதால் எழுதுகிறேன். நான் அணு உலையில் வேலை செய்தவன் இல்லை. எண்ணெயிலும் எரிவாயுவிலும் ஓடும் மின் நிலையங்களில் கருவிப் பகுதியில் இருந்தவன். ஆனாலும் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதல் சறுக்கல், திகதிக்கு அடிமையாவது. கடலுக்கு அப்பால் கூடங்குளத்தின் முதல் உலையில் 2013 யூலை 13 அன்று தொடர்வினை (அணுக்கள் அடுத்தடுத்துப் பிளந்து வெப்பம் தருவது) தொடங்கியது. வணிக உற்பத்தி என்று அறிவித்தது 2014 டிசெம்பர் 31 அன்று. இடையில் 17 மாதம். ஒவ்வொரு படியாக வலுவை ஏற்றி, நின்று, அளந்து, வேண்டுமென்றே உலையை நிறுத்திப் பார்த்து, மறுபடி ஏற்றுவதற்கு நேரம் வேண்டும். திறப்பு விழாவை முதலில் அறிவித்துவிட்டு அதற்குள் சோதனைகளைத் திணிப்பவர்கள், கடைசியில் ஏதோ ஒன்றை "பிறகு பார்ப்போம்" என்று தள்ளுவார்கள். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் நடந்துகொண்டிருந்தது அப்படித் தள்ளப்பட்ட சோதனை. வெளி மின்சாரம் நின்றால், சுழலும் டர்பைனின் மிச்ச வேகத்தைக் கொண்டு டீசல் மின்பிறப்பாக்கி வரும்வரை பம்புகளை ஓட்டலாமா என்று பார்ப்பது அது. நான்காம் உலை 1983 கடைசியில் மின்தொடரில் (நாடு முழுதும் மின்சாரம் கொண்டுபோகும் வலையமைப்பில்) சேரும் முன்பே தேறியிருக்க வேண்டிய விஷயம். உலையின் வடிவமைப்பிலும் பெரிய கோளாறு இருந்தது, அது வேறு கதை.

அடுத்தது, கட்டியவர்களிடமிருந்து பொறுப்பேற்கும் இடம். "95 வீதம் முடிந்துவிட்டது" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஆலை முழுவதற்குமாகச் சொல்லும் வீதக் கணக்கு எதற்கும் உதவாது. இந்தக் குளிர்விப்புத் தொகுதி முழுதாக முடிந்ததா, குழாய் கழுவியாயிற்றா, மிச்ச வேலைப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று தொகுதி தொகுதியாகக் கேட்டுத்தான் கையேற்க வேண்டும். புது வீட்டில் தண்ணீர் டாங்கியைத் திறந்தால் முதல் வாளி முழுக்க மணலும் சீமெந்துத் தூளும் வரும் அல்லவா? நான் இருந்த ஓரிடத்தில் ஒரு பம்பின் அழுத்தம் ஏறவே இல்லை. மூன்று நாள் மானியில்தான் பிழை என்று என்னைத் திட்டினார்கள். பிறகு பம்பின் உறிஞ்சு பக்கத்தைக் கழற்றினால், கழுவும்போது குப்பை பிடிக்க வைத்த தற்காலிக வடி அப்படியே இருந்தது. அதில் வெல்டிங் கசடும் ஒரு கையுறை விரலும். அந்த வடி கழற்றப்பட்டதாக ஒப்பமிட்ட தாள் கோப்பில் இருந்தது.

எரிபொருள் ஏற்றும் முன் சூடாக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. உலையில் அணுவெப்பமே இல்லாமல், பெரிய பம்புகள் ஓடும் சூட்டிலேயே நீரைக் கிட்டத்தட்ட வேலை வெப்பநிலைக்குக் கொண்டு வருவார்கள். குழாய்கள் நீளும், எங்கே முட்டுகிறது, எங்கே அதிர்கிறது என்று தெரியும். கதிர்வீச்சு இல்லாதபோது கையால் தொட்டுத் திருத்தக்கூடியதை, பிறகு திருத்தப் போனால் செலவு பல மடங்கு. இங்கே இன்னொரு தவறு, டர்பைன் பக்கத்தை "சாதாரண ஆலைதானே" என்று விடுவது. பின்லாந்தின் ஒல்கிலூட்டோ 3 மின்தொடரில் சேர்ந்தது 2022 மார்ச்சில். அதே ஆண்டு ஒக்டோபரில் டர்பைன் பக்கத்து நீரூட்டும் பம்புகளின் உள்சுழலிகளில் வெடிப்புகள் தெரிந்தன. நான்கு பம்புகளிலும்! வழமையான உற்பத்தி 2023 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது.

எனக்குப் பெரிதாகப் படுவது, கருவிக்காரன் என்பதாலோ என்னவோ, விளக்கைச் சோதித்துவிட்டு வால்வைச் சோதித்ததாக நினைப்பது. அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் இரண்டாம் உலை 1978 டிசெம்பர் 30 அன்று வணிக உற்பத்திக்கு வந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1979 மார்ச் 28 அதிகாலை ஒரு அழுத்த விடுவிப்பு வால்வு திறந்தபடி இறுகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் அதன் விளக்கோ அணைந்திருந்தது. அந்த விளக்குக் காட்டியது 'மூடு' என்ற கட்டளை போய்விட்டதை மட்டும். வால்வு மூடியதா என்பதை இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலை நீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. இது போதாதென்று, இரண்டு நாள் முன் ஒரு சோதனைக்காக மூடிய அவசர நீரூட்டல் வால்வுகளைத் திறக்க மறந்திருந்தார்கள். ஆகவே ஒருவர் வால்வுக்குப் பக்கத்தில் நின்று தண்டு அசைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், மற்றவர் விளக்கைப் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்கு வந்ததா என்று மூன்றாவது ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஓடும் உலைக்குப் பக்கத்தில் அடுத்ததைக் கட்டும்போது இன்னும் கவனம். அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள பிரவுன்ஸ் பெர்ரியில், மூன்றாம் உலை கட்டிக்கொண்டிருந்த 1975 மார்ச் 22 அன்று, கேபிள் துளைகளில் காற்றுக் கசிகிறதா என்று மெழுகுதிரி பிடித்துப் பார்த்தார்கள். அடைப்பு நுரை பற்றிக்கொண்டது. 1,600க்கு மேற்பட்ட கேபிள்கள் எரிந்தன, ஓடிக்கொண்டிருந்த இரண்டு உலைகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆட்கள் விஷயத்தில் அமீரகத்தின் பராக்கா நல்ல உதாரணம். முதல் உலையின் கட்டுமானம் 2018இல் முடிந்தும், இயக்குவோரின் பயிற்சி முடியட்டும் என்று பொறுத்தார்கள். தொடர்வினை தொடங்கியது 2020 ஓகஸ்ட் 1. காசு கரைந்திருக்கும், சரி, பரவாயில்லை.

அப்புறம் மின்தொடர். முழு வலுவில் உலையை நிறுத்திப் பார்க்கும் நாளில் 1,000 மெகாவாட் ஒரே நொடியில் காணாமல் போகும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஏறி இலங்கை முழுதும் இருண்டதும், நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றதும் நமக்கு மறக்காது. நாட்டின் உச்சத் தேவையே 3,000 மெகாவாட் அளவில்தான் என்றால், இத்தகைய சோதனையை மின்தொடர்க்காரருக்குக் கடைசி நிமிடத்தில் சொல்வது பெரும் பிழை.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. முதல் நாள் அளவுகள்: எந்த பம்ப் எவ்வளவு அதிர்ந்தது, எந்த வால்வு எத்தனை செக்கனில் மூடியது. இருபது வருடம் கழித்து ஒரு பம்ப் சத்தம் போட்டால் முதலில் தேடுவது இந்தத் தாள்களைத்தான். நான் பழைய ஆலை ஒன்றில் அப்படித் தேடிப் போனேன். கோப்பு கிடைத்தது, தூசு தட்டித் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் "சரி" என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார்கள். ஓர் இலக்கம்கூட இல்லை.