பாசிப்பருப்புப் புரதத்திலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் பெப்டைடுகள்: ஆய்வகத்தில் முதல்முறை செய்வோருக்கு

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. இரைப்பையிலும் சிறுகுடலிலும் நொதிகள் அதை வெட்டும்போது வரும் சிறு துண்டுகள்தான் பெப்டைடுகள். டைரோசின், டிரிப்டோபான், ஹிஸ்டிடின், சிஸ்டைன் போன்ற அமினோ அமிலங்கள் இருக்கும் துண்டுகள் ஃப்ரீ ராடிக்கலுக்கு (ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு அலையும், செல்களைத் தாக்கும் மூலக்கூறுக்கு) எலெக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்து அதை அடக்கிவிடும்; இதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை. முழுப் புரதத்தில் இவற்றில் பல மடிப்புக்குள் ஒளிந்திருக்கும்; செரித்த பிறகுதான் வெளியே வரும். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

படி 1: புரதத்தைப் பிரிப்பது

தோல் நீக்கிய பருப்பையே எடுங்கள். தோலில் பாலிஃபீனால்கள் உண்டு, அவையும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். தோலோடு அரைத்தால், கடைசியில் கிடைக்கும் அளவு எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது.

ஒரு பங்கு மாவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 9-க்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் கலக்குங்கள். அதற்கு மேல் காரம் ஏற்ற வேண்டாம், சிஸ்டைன் சிதையும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, தெளிவை மட்டும் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். பிஎச் 4.5-ஐ நெருங்க நெருங்க, பால் திரிவதைப் போலக் கரைசல் வெளுத்துத் திரளும். மறுபடி சுற்றினால் அடியில் படிவதுதான் நமக்கு வேண்டிய புரதம். தண்ணீரில் கழுவி வையுங்கள்.

படி 2: செரிக்க வைப்பது

இன்ஃபோஜெஸ்ட் என்ற பன்னாட்டு ஆய்வாளர் குழு 2014-இல் வெளியிட்டு 2019-இல் திருத்திய செய்முறையைத்தான் இன்று பலரும் பின்பற்றுகிறார்கள். இரைப்பைக் கட்டம்: பிஎச் 3, பெப்சின் (இரைப்பையில் புரதத்தை வெட்டும் நொதி), 37 டிகிரி செல்சியஸ், 2 மணி நேரம். அப்புறம் குடல் கட்டம்: பிஎச் 7, பாங்கிரியாட்டின் (டிரிப்சின் உள்ளிட்ட கணைய நொதிகளின் கலவை), பித்த உப்பு, அதே சூட்டில் இன்னொரு 2 மணி நேரம். நொதியை எடை பார்த்துப் போடாதீர்கள். புட்டிக்குப் புட்டி வீரியம் மாறும். வீரியத்தை அளக்கும் யூனிட்டில் கணக்கிடுங்கள்: ஒரு மில்லிலிட்டர் கலவைக்குப் பெப்சின் 2000 யூனிட். பாங்கிரியாட்டினை அதன் டிரிப்சின் வீரியம் 100 யூனிட் வரும்படி சேர்க்க வேண்டும். முடிந்ததும் குழாய்களைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்தால் நொதி செயலிழக்கும்.

இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். நொதிகளும் புரதங்களே, அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தாமாகவே பெப்டைடுகளை உண்டாக்கும். பாங்கிரியாட்டின் தூளில் வேறு பல பொருள்களும் கலந்திருக்கும். ஆகவே கூடவே இரண்டு குழாய்கள் ஓடியே தீர வேண்டும்: ஒன்றில் நொதி மட்டும், பருப்புப் புரதம் கிடையாது. மற்றொன்றில் புரதம் மட்டும், நொதி கிடையாது. பிஎச் மாற்றம், சூடு, நேரம் எல்லாம் மூன்றுக்கும் ஒன்றே. நொதி மட்டும் உள்ள குழாயின் அளவைக் கழிக்காத எண்ணை நான் நம்பவே மாட்டேன்.

படி 3: அளப்பது

நிறமுள்ள ஒரு ராடிக்கலில் சாம்பிளை விட்டு, நிறம் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்ப்பதுதான் இங்கே அளவு. டிபிபிஎச் என்ற ராடிக்கலை வைத்துச் செய்யும் சோதனையில்தான் பலரும் தொடங்குகிறார்கள். அதற்கு ஆல்கஹால் வேண்டும். ஆல்கஹாலில் புரதம் கலங்கி, 517 நானோமீட்டர் ஒளியில் எடுக்கும் அளவைக் கெடுக்கும். அதனால், தண்ணீரிலேயே ராடிக்கலாக்கக்கூடிய ஏபிடிஎஸ் என்ற சேர்மத்தை வைத்துச் செய்யும் முறையே நல்லது. 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ்ஸுடன் 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட் சேர்த்து, 12 முதல் 16 மணி நேரம் இருட்டில் வையுங்கள். கரும்பச்சையாக மாறியதை பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசலில்) நீர்க்கவைத்து, 734 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.70 காட்டும்படி சரிசெய்யுங்கள்.

செரித்த கலவையைச் சுற்றித் தெளிவை எடுத்து, சிறிதளவு இதில் விடுங்கள். பச்சை வெளிறும். 6 நிமிடத்தில் அளவு எடுங்கள். சாம்பிள் சேர்க்காத கரைசலின் அளவிலிருந்து சாம்பிளின் அளவைக் கழித்து, அதே சாம்பிள் சேர்க்காத அளவால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் தடுப்புச் சதவீதம். மூன்று குழாய்களுக்கும் இதையே செய்யுங்கள்.

வந்த விடையை உடலுக்கு நேராகப் பொருத்திவிடாதீர்கள். குடல் சுவரிலுள்ள பெப்டிடேஸ் நொதிகள் இந்தத் துண்டுகளை இன்னும் வெட்டும். பெப்ட்1 என்ற கடத்தி வழியாக உள்ளே போவது இரண்டு, மூன்று அமினோ அமிலம் நீளமுள்ளவை மட்டுமே. அதைச் சோதிக்க, கேகோ-2 குடல் செல் அடுக்கின் ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் என்ன வருகிறது என்று பார்ப்பார்கள்.