நெட்டி மாலையில் ஒரு நிலைமின்காட்டி

மாட்டுப் பொங்கல் முடிந்து இரண்டு நாளானால் மாட்டின் கழுத்திலிருந்த நெட்டி மாலை கொட்டகை ஆணிக்கு வந்துவிடும். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் தை முழுக்க அதைப் பார்க்கலாம். நரசிங்கம்பேட்டையில் வீடு வீடாகக் கட்டி விற்கும் அந்த மாலைதான். அதிலிருந்து நாலைந்து துண்டு கழற்றி, ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். ஆனி மாதம் பள்ளி திறந்த பிறகு வேலை இருக்கிறது.

தேய்த்தால் பொருளில் ஏறும் மின்னூட்டத்தைப் பற்றிய நிலைமின்னியல் பாடத்தில் நெட்டிப்பந்து என்று ஒன்று வரும். ஏதோ ஆய்வகத்துச் சாமான் என்று பிள்ளைகள் படித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வீட்டு மாடு கழுத்தில் போட்டிருந்ததுதான் அது என்று சொல்லும்போது வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். குளத்திலும் ஏரியிலும் வளரும் செடியின் தண்டு, உள்ளே வெள்ளையாக, காற்று மாதிரி கனமில்லாமல் இருக்கும். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோயில் கோபுரம் செதுக்குவதும் இதில்தான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நான் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். பல வருடம் சீப்பும் காகிதத் துண்டும் வைத்துத்தான் இந்தப் பாடத்தை நடத்தினேன். எங்கள் பிள்ளைகள் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு வருவார்கள். அந்தத் தலையில் சீவிய சீப்பு எதையும் இழுக்காது. இழுத்தாலும் இன்னொரு சிக்கல். "டீச்சர், காந்தம் மாதிரி ஒட்டுது" என்பார்கள். ஒட்டுவதை மட்டும் பார்த்த பிள்ளைக்கு அதற்கு மேல் கேள்வி வராது. விலகி ஓடுவதைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நெட்டி.

முதலில் நேரம். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடாதீர்கள். அடைமழையில் எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்திருக்கும். தேய்த்து ஏற்றிய மின்னூட்டம் அந்தப் படலம் வழியாகவே கசிந்துவிடும். மார்கழியிலும் தையிலும் காலைப் பனி கெடுக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வறட்டு வறட்டென்று அடிக்கிற பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை எங்கள் பக்கம் சரியான பொழுது. சாயங்காலம் கடல்காற்று ஏறிவிட்டால் மறுநாள்தான்.

நெட்டியை ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, பிளேடால் கொண்டைக்கடலை அளவுக்கு வெட்டுங்கள். சிறு பிள்ளைகள் கையில் பிளேடு வேண்டாம். முனைகளைச் சுவரில் தேய்த்து உருண்டையாக்கலாம். சாயம் போட்ட நெட்டியானாலும் பரவாயில்லை. பிறகு மெத்தென்று எழுதும் பென்சிலால் உருண்டை முழுவதும் கறுக்கும்வரை தீட்டுங்கள். பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும். உருண்டையின் மேல் மின்னூட்டம் தடையில்லாமல் பரவ இந்தப் பூச்சு வேண்டும். இதை விட்டுவிட்டு அரை நாள் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நூல்தான் அடுத்தது, இதில்தான் பலர் தோற்பது. பட்டு நூல் வேண்டும். திருபுவனத்தில் தறி போட்டிருக்கும் வீட்டில் கேட்டால் கழிவு இழை ஒரு பிடி தருவார்கள். இல்லையென்றால் நைலான் நூல். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒற்றை இழையில் உருண்டையைக் கோர்த்து முடிச்சுப் போடுங்கள். மணல் நிரப்பிய பாட்டிலில் இரண்டு ஈர்க்குகளைச் சேர்த்துச் செருகி, வளைந்த நுனியில் கட்டினால், மின்னூட்டம் உண்டா என்று காட்டும் நிலைமின்காட்டி தயார்.

தேய்க்க ஒரு முழம் பி.வி.சி. பைப், வயரிங் பைப் போதும். கூடவே, மார்கழிக்குப் பெரியவர்கள் போடும் கம்பளிக் குல்லா. இரண்டையும் வெயிலில் காட்டிவிட்டு, பைப்பின் ஒரு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுபாதியைக் குல்லாவால் இருபது முறை வேகமாக உருவுங்கள். தேய்த்த பாகத்தில் விரல் படக்கூடாது.

இப்போது பைப்பை மெதுவாக உருண்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று விரற்கடைத் தூரம் இருக்கும்போதே நூல் சாயும். இன்னும் கிட்டே போனால் உருண்டை தாவிப்போய்ப் பைப்பில் ஒட்டும். பைப் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் தொட்ட இடத்தின் மின்னூட்டம் மட்டும்தான் உருண்டைக்கு வரும். பைப்பை அதன்மேல் இலேசாக உருட்டுங்கள். சட்டென்று உருண்டை தெறித்து விலகும். அப்புறம் பைப்பை எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் எதிர்ப்பக்கம் ஓடும். துரத்தலாம், பிடிக்க முடியாது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "தொட்டதும் ஏன் டீச்சர் கோவிச்சுக்கிச்சு?" என்று கேட்டாள். இந்தப் பாடத்தில் நான் கேட்ட நல்ல கேள்வி அதுதான். அதற்குப் பிறகுதான் அணுவைப் பற்றிப் பேச வேண்டும்.

எந்தப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் உட்கரு, அதில் நேர்மின் புரோட்டான். சுற்றி எதிர்மின் எலக்ட்ரான். இரண்டும் சம அளவில் இருப்பதால் பொருள் நடுநிலையில் கிடக்கிறது. தேய்க்கும்போது கம்பளியிலிருந்து எலக்ட்ரான்கள் பைப்புக்கு மாறுகின்றன. உட்கரு இருந்த இடத்திலேயே இருக்கும். புதிதாக எதுவும் பிறக்கவில்லை. ஒரு பத்தாயத்து நெல்லை இன்னொன்றில் கொட்டினால் மொத்த நெல் கூடுமா? கம்பளியில் எத்தனை குறைந்ததோ அத்தனைதான் பைப்பில் கூடியது.

எதிர்மின் ஏறிய பைப் பக்கத்தில் வந்ததும், உருண்டையின் கரிப்பூச்சிலுள்ள எலக்ட்ரான்கள் தள்ளப்பட்டு மறுபக்கம் போகின்றன. பைப்பைப் பார்த்த பக்கம் நேர்மின் மிஞ்சுகிறது. அது கிட்டத்தில் இருப்பதால் ஈர்ப்பு ஜெயிக்கிறது. தொட்டதும் பைப்பின் எலக்ட்ரான்கள் உருண்டைக்கும் ஏறுகின்றன. இரண்டும் எதிர்மின், ஆகவே விலக்கு. உருண்டையில் ஒரு நானோகூலும் (மின்னூட்டத்தை அளக்கும் அலகான கூலும்பில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஏறியிருந்தால் வந்து சேர்ந்த எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 625 கோடி. அத்தனை ஏறியும் எடையில் எந்தத் தராசும் வித்தியாசம் காட்டாது.

"எதிர்மின் என்றால் ஏன் கூடுதல்?" என்று ஒரு பையன் நிச்சயம் கேட்பான். நியாயமான குழப்பம். நேர், எதிர் என்ற பெயரை 1747-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் வைத்தபோது எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஜே.ஜே. தாம்சன் அதைக் கண்டுபிடித்தது 150 வருடம் கழித்து, 1897-இல். பழைய பெயரின்படி அது எதிர்மின் பக்கம் விழுந்தது. இதைச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

அடுத்து, இன்னொரு உருண்டையைப் பூக்கட்டும் வாழைநாரில் கட்டி, நாரைச் சற்று ஈரமாக்கி நுனியைக் கையில் பிடியுங்கள். பைப்பைக் காட்டினால் உருண்டை வரும், ஒட்டும், விலகவே விலகாது. வந்த எலக்ட்ரான்கள் ஈரநார் வழியாக உங்கள் உடம்புக்கும் தரைக்கும் போய்விடுகின்றன. 1729-இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்ற ஆய்வாளர் இதே இடத்தில்தான் நின்றார். நீண்ட கயிறு வழியாக மின்னூட்டத்தை அனுப்பிப் பார்க்க, கயிற்றைப் பட்டு இழைகளில் தொங்கவிட்டார். பட்டு அறுந்தது. பதிலுக்குப் பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டதும் கயிற்றின் மறுமுனையில் எதுவும் வந்து சேரவில்லை. தாங்கியது கனமா மெலிதா என்பதல்ல, எந்தப் பொருள் என்பதே முக்கியம் என்று அங்கேதான் புரிந்தது. கடத்தி, கடத்தாப்பொருள் என்ற பாடம் முழுவதும் அந்த அறுந்த பட்டிலிருந்து வந்தது.

கண்ணாடியும் பட்டும் வைத்து நேர்மின் காட்டுவது எங்கள் ஈரத்தில் கொஞ்சம் கடினம். அரிக்கேன் விளக்குக் கண்ணாடியை வெயிலில் நன்றாகச் சூடேற்றி, இஸ்திரி போட்ட பட்டுத் துணியால் தேய்த்தால் பெரும்பாலும் வரும். பைப்பிலிருந்து விலகி ஓடிய உருண்டை கண்ணாடியைத் தேடி வரும்.

அங்கே நிறுத்திவிடாதீர்கள். மின்னூட்டம் ஏறிய அதே உருண்டைக்குப் பக்கத்தில் வெறும் விரலை நீட்டச் சொல்லுங்கள். விரலுக்கும் வரும். விரலில் மின்னூட்டம் இல்லையே? இல்லைதான். ஈர்ப்பு, எதிர்மின்னுக்கும் நேர்மின்னுக்கும் இடையில் நடக்கும். மின்னேறியதற்கும் ஏறாததற்கும் இடையிலும் நடக்கும். விலக்கு இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம் இருந்தால்தான் நடக்கும். அதனால் ஒரு பொருளில் மின்னூட்டம் உண்டா என்பதற்கு விலக்கலே உறுதியான சோதனை. தேர்வில் ஒரு மதிப்பெண்ணாக வரும் இந்த வரியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, விரலை நீட்டிப் பார்த்தவன் மறக்கமாட்டான்.

வீட்டில் செய்ய ஒன்று: இரண்டு உருண்டைகளை ஒரே ஆணியில், ஒன்றையொன்று தொடும்படி பட்டு நூலில் தொங்கவிட்டு, தேய்த்த பைப்பால் இரண்டையும் தொடுங்கள். கூடாரம் போல விரிந்து நிற்கும். எத்தனை நிமிடத்தில் மறுபடி ஒட்டுகின்றன என்று கடிகாரம் பார்த்துக் கதவில் சாக்கட்டியால் எழுதுங்கள். புரட்டாசியில் முதல் மழை பெய்த மறுநாள் அதே உருண்டைகளை அதே ஆணியில் தொங்கவிட்டு, பக்கத்திலேயே இரண்டாவது எண்ணையும் எழுதுங்கள்.