விரிசல் மேல் ஒரு பாஸ் ஓட்டினால் போதுமா? வெல்டிங் ரிப்பேரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்த்த ஷெட்டில் ஒரு மார்கழி மாதம். அணுமின் நிலையத்துக் குழாய்களைத் தாங்கும் சப்போர்ட்டுகள் செய்துகொண்டிருந்தோம். 40 மி.மீ. பிளேட். சாயங்காலம் ஒரு ஜாயிண்டில் தலைமுடி அளவுக்கு விரிசல் தெரிந்தது. பாலக்கோட்டுப் பையன் ஒருவன், நல்ல கை அவனுக்கு, கிரைண்டரால் லேசாகத் தேய்த்துவிட்டு மேலே ஒரு பாஸ், அதாவது ஒரு வரி வெல்டு, ஓட்டினான். ஆறியதும் டிபி டெஸ்ட் போட்டோம்: சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்து விரிசல் தேடும் சோதனை. ஒன்றும் தெரியவில்லை. "முடிஞ்சிதுண்ணா, பெயின்ட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றான். நானும் தலையாட்டினேன்.

பெயின்டர் லீவு, அதனால் பிழைத்தோம். மூன்றாம் நாள் ஆய்வுக்கு வந்தவர் மறுபடி டிபி போடச் சொன்னார். வெள்ளை டெவலப்பரில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. முன்பைவிட நீளம். அதுவும் இந்த முறை வெல்டில் இல்லை, வெல்டை ஒட்டிய பிளேட்டில். அந்த ஒரு ஜாயிண்டில் நாங்கள் செய்யாத தவறே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. ஊத்தங்கரை, அரூர் பக்கமிருந்து கல்பாக்கத்துக்கோ கூடங்குளத்துக்கோ கான்ட்ராக்ட் வேலைக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு அதையெல்லாம் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் தவறு, விரிசல் எங்கே முடிகிறது என்று பார்க்காமலே அதை மூடியது. மேலே 30 மி.மீ. தெரிந்தால் உள்ளே எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. டிபி, மேல்பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலை மட்டுமே காட்டும். கிரைண்டரை அழுத்தித் தேய்த்தால் உலோகம் இழுபட்டு அந்த வாயையே மூடிவிடும், அப்புறம் டிபி க்ளீன் என்றுதான் சொல்லும். சாதாரண எஃகு என்றால் காந்தத் துகள் சோதனை கொஞ்சம் நம்பகமானது. ஆழம் தெரிய அல்ட்ராசோனிக் (ஒலி அலை) சோதனை வேண்டும். விரிசலை முழுக்கத் தோண்டி எடுத்து, குழி சுத்தம் என்று சோதனையில் உறுதியான பிறகுதான் வெல்டிங் ராடையே கையில் எடுக்க வேண்டும். கோஜிங் அடித்து, அதாவது கரி ராடால் உலோகத்தை உருக்கி ஊதித் தோண்டினால் குழியின் மேல் தோலில் கரி ஏறியிருக்கும், சில சமயம் அந்தக் கரி ராடின் செம்புப் பூச்சும் ஒட்டியிருக்கும். பளபளவென்று உலோகம் தெரியும்வரை அதைத் தேய்த்து எடுக்காமல் வெல்டு போட்டால் அடுத்த விரிசலுக்கு நாமே விதை போட்ட மாதிரி.

சரி, வெல்டில் இருந்த விரிசல் பிளேட்டுக்கு எப்படிப் போனது? காரணம் ஹைட்ரஜன். நாங்கள் போட்டது 7018 என்ற லோ ஹைட்ரஜன் (ஹைட்ரஜன் குறைவாக விடும்) வகை வெல்டிங் ராடு. அதன் மேல் பூசிய ஃப்ளக்ஸ் அப்பளம் மாதிரி. பாக்கெட்டைப் பிரித்து வெளியே வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து நமுத்துப்போகும். அந்த ஈரம் ஆர்க் என்ற மின்பொறியில் உடைந்து ஹைட்ரஜனாகி, உருகிய உலோகத்தில் கரைகிறது. உலோகம் ஆறும்போது வெளியே போக முடியாமல், வெல்டை ஒட்டிச் சூட்டால் கடினமான பகுதிக்கு மெல்ல நகர்கிறது. ஹைட்ரஜன், கடினமான உலோகம், இழுவிசை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், ஆறிய பிறகு, சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட, அது வெடிக்கும். எங்கள் பையன் எடுத்த ராடு முந்தின நாள் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த பாக்கெட்டிலிருந்து வந்தது.

அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதி இதில் தெளிவாக இருக்கிறது. ஈரம் பட்டிருக்கலாம் என்றால் 7018 ராடை 260 முதல் 430 டிகிரிக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் பேக் செய்ய, அதாவது ஓவனில் சுட்டு உலர்த்த வேண்டும். பிறகு 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வைத்து எடுக்க வேண்டும். சாதாரண 7018 என்றால் வெளியே எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மறு பேக்கிங் ஒரே ஒரு தடவைதான். தண்ணீரில் நனைந்த ராடைக் காயவைத்தும் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். நம்மூரில் கையில் தூக்கும் சின்ன ஓவன் ஷெட்டுக்கு ஷெட் இருக்கிறது. பிளக்கில் மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பாதி இடத்தில் அது வெறும் ராடு டப்பா.

பிரீஹீட்டும், அதாவது வெல்டுக்கு முன் பிளேட்டைச் சூடாக்குவதும், அப்படித்தான். மே மாத வெயிலில் வேலை பழகியவர்களுக்கு 'பிளேட்டே சூடாத்தானே இருக்கு' என்ற நினைப்பு போகாது. மார்கழிக் காலையில் ஓசூர், தளி பக்கம் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள், கை ஜில்லென்றாகும். அதே விதிப்படி 38 மி.மீ.க்கு மேல் 65 வரை கனமுள்ள சாதாரண கட்டமைப்பு எஃகுக்கு, லோ ஹைட்ரஜன் ராடாகவே இருந்தாலும், குறைந்தது 65 டிகிரி வேண்டும். ரிப்பேர் என்றால் அதற்கும் மேலே போவதுதான் நல்லது. கட்டிங் டார்ச்சால் ஒரே இடத்தில் ஊதிவிட்டு 'சூடு ஏறிடுச்சு' என்பதும் கணக்கில் வராது. பிளேட்டின் முழுக் கனத்துக்கும், ஜாயிண்டிலிருந்து 75 மி.மீ. தள்ளியும் அந்தச் சூடு இருக்க வேண்டும்.

சூடு ஏற்ற இவ்வளவு மெனக்கெடுவது ரிப்பேர் குழியின் குணத்தால்தான். காய்கிற ஏரிச் சேற்றை நினைத்துப் பாருங்கள். ஈரம் போகப் போகச் சுருங்கப் பார்க்கிறது, அடித்தரை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, வெடிக்கிறது. ஏற்கெனவே விறைத்து நிற்கும் ஜாயிண்டின் நடுவே தோண்டி நிரப்பும் வெல்டும் அதேபோலச் சுருங்கப் பார்க்கும். நாலு பக்கமும் குளிர்ந்த எஃகு பிடித்துக்கொள்ளும். அதனால்தான் புது வெல்டைவிட ரிப்பேர் வெல்டில் உள் இழுவிசை அதிகம். ஒரே இடத்தை இரண்டு மூன்று தடவை தோண்டினால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு அணுமின் நிலையங்களே சாட்சி. அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் உள்ள வி.சி. சம்மர் நிலையத்தில் 2000 அக்டோபரில் உலைக்கலத்தை ஒட்டிய பெரிய குழாய் வெல்டு ஒன்றின் அருகே, உலை நீரில் கலந்திருக்கும் போரான் கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. தேடிப் பார்த்தால் நிக்கல் கலப்பு உலோக வெல்டு உள்ளிருந்து வெளியே வரை விரிசல் விட்டிருந்தது. கட்டும் காலத்தில் பலமுறை ரிப்பேர் பார்த்த வெல்டு அது. பிரான்சில் பென்லி நிலையத்தின் முதல் அலகில் 2023-இல் இன்னொன்று தெரியவந்தது. 27 மி.மீ. கனமுள்ள அவசர நீர்க்குழாயில் விரிசல் 23 மி.மீ. ஆழம் போயிருந்தது, நீளம் 155 மி.மீ., அதாவது குழாய்ச் சுற்றளவில் ஏறக்குறைய கால்வாசி. அந்த இடத்தில் இந்த வகை விரிசல் வராது என்று நினைத்திருந்தார்கள். ஆனால் கட்டும்போது அந்த வெல்டை இரண்டு தடவை ரிப்பேர் செய்திருந்தார்கள். எங்கே எத்தனை தடவை ரிப்பேர் ஆனது என்று ரெக்கார்டில் எழுதி வைத்தால்தான் பிற்காலத்தில் தேடுகிறவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியும். க்யூசி-க்கு (தரச் சோதனைப் பிரிவுக்கு) சொல்லாமல் ராத்திரி ஷிப்டில் சத்தமில்லாமல் முடித்துவிடும் வேலை எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். இஞ்ச் டயா கணக்கில், அதாவது போட்ட வெல்டின் அளவுக்கு ஏற்ப, கூலி கொடுத்தால் பையன்கள் மறைக்கத்தான் பார்ப்பார்கள். திட்டு ஃபோர்மேனுக்குப் போக வேண்டும்.

மேலே சொன்ன இரண்டிலும் அரித்தது ஹைட்ரஜன் அல்ல, இழுவிசையும் சூடான நீரும் சேர்ந்த அரிப்பு விரிசல். ஸ்டெயின்லெஸ் வேலைக்குப் போகிறவர்கள் 7018 பழக்கத்தை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கே பிரீஹீட் வேண்டாம், பாஸுக்கு பாஸ் ஆறவிட வேண்டும். சாதாரண எஃகைத் தேய்த்த பிரஷ்ஷும் கிரைண்டிங் வீலும் அதன் மேல் படக்கூடாது. குளோரைடு கலந்த மார்க்கர், வியர்வைக் கை, கடல் காற்று எல்லாமே எதிரிதான். கல்பாக்கமும் கூடங்குளமும் கடலோரம் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும் தவறு. ஆர்க் பிடிக்கிறதா என்று குழிக்கு வெளியே பிளேட்டில் தட்டிப் பார்ப்பது. அந்தப் புள்ளி நொடியில் சூடாகி நொடியில் ஆறிக் கண்ணாடிபோல் கடினமாகும்.

எங்கள் ஜாயிண்டை அப்புறம் கோஜிங் அடித்துத் திறந்தோம். 14 மி.மீ. ஆழத்தில்தான் விரிசலின் அடி கிடைத்தது. குழியின் ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் ஹீட்டிங் பேட் கட்டி, ஓவனிலிருந்து ஒவ்வொரு ராடாக எடுத்து நிரப்பினோம். முடிந்ததும் சூட்டைக் குறைக்காமல் ஏற்றி இரண்டு மணி நேரம் பிடித்து, ஹைட்ரஜனை வெளியேற்றி, போர்வை மூடி ஆறவிட்டோம். அந்தப் பையன் சாக்பீஸ் எடுத்துப் பிளேட்டில் பெரிதாக எழுதினான்: 'வியாழன் சாயங்காலம் 5 மணி வரை டிபி கிடையாது'. அன்று செவ்வாய். பெயின்டர் அதற்குள் லீவு முடிந்து வந்துவிட்டார், பிரஷ்ஷோடு காத்துக்கொண்டிருந்தார்.