குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் ஒருவர் "சாப்பாட்டைக் குறைச்சிட்டன்" என்றால், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பிட்டும் இல்லை, இடியப்பமும் இல்லை. தேத்தண்ணியிலேயே பொழுது போகும். பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் கடையில் ஒரு ரோல்ஸ், ஒரு வடை. பகலில் தட்டு நிறையச் சோறு. இதில் குறைந்தது எதுவுமில்லை. ஒரு தேக்கரண்டி சீனியில் சுமார் 16 கலோரி இருக்கிறது. மூன்று கரண்டி போட்டு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி குடித்தால் 240 கலோரி. ஒரு கோப்பைச் சோற்றை விடக் கூடுதல்!

அமெரிக்காவில் உடற்பருமன் இல்லாத 200க்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டு வருடம் ஒரு ஆய்வு நடந்தது. 25 சதவீதம் கலோரியைக் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக 12 சதவீதம்தான் குறைக்க முடிந்தது. அதற்கே இரத்த அழுத்தமும் கெட்ட கொலஸ்ட்ரோலும் இறங்கின. நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்கு 12 சதவீதம் என்பது 240. மேலே சொன்ன சீனி அவ்வளவும்தான். பட்டினி கிடக்கத் தேவையே இல்லை. அளவோடு குறைத்த அவர்களுக்குக்கூட எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற அம்மாவின் தட்டைப் பாருங்கள். சோறும் ஆணமும் இருக்கும், மீன் துண்டு இருக்காது. அவரே "மெலியவேணும்" என்று நினைத்தால் முதலில் விடுவதும் மீனையும் முட்டையையும்தான். புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். ஐம்பது தாண்டியவருக்கு அதைத் திரும்பப் பெறுவது லேசில்லை. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. வாவியும் கடலும் பக்கத்தில் இருக்கிற நாங்கள் குறைக்கவேண்டியது சோற்றை, மீனை அல்ல. பொரிக்காமல் புளியாணமாக வைத்தால் போதும்.

தேங்காயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிட்டுக்குத் தேங்காய்ப்பூ, சொதிக்குத் தேங்காய்ப்பால், பக்கத்தில் சம்பல், கீரைச் சுண்டலிலும் ஒரு பிடி. ஒரே வேளையில் நான்கு இடத்தில் தேங்காய். 100 கிராம் துருவலில் 350 கலோரிக்குக் கிட்ட வரும். தேங்காயை விடுங்கள் என்று எங்கள் ஊரில் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். நான்கில் இரண்டில் நிறுத்துங்கள். கட்டித் தயிர் நல்லதுதான், அதன்மேல் கொட்டுகிற சீனிதான் வேண்டாம்.

குறைத்துச் சாப்பிட்டால் நூறு வயது நிச்சயம் என்று நம்புவதும் பிழை. எலிகள் அதிக காலம் வாழ்ந்ததை 1935இலேயே காட்டினார்கள். ஆனால் குரங்குகளில் செய்த இரண்டு நீண்ட ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சீனி அதிகமான தீனி கொடுத்த இடத்தில், குறைத்துத் தின்ற குரங்குகள் கூடுதலாக வாழ்ந்தன. சீனி குறைந்த தீனி கொடுத்த மற்ற இடத்தில் ஆயுளில் தெளிவான வித்தியாசம் இல்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதோடு எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். மனிதரின் ஆயுள் கூடுமென்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஏற்கெனவே மெலிந்த முதியவர்கள் இதில் இறங்கவே கூடாது.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ சிலவகைக் குளிசைகளோ எடுப்பவர்கள் வழக்கமான அளவு மருந்தோடு சாப்பாட்டை மட்டும் குறைத்தால், இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கமும் வரலாம். அப்போது உடனே இனிப்பாக ஏதாவது குடிக்கவேண்டும். குறைக்கத் தொடங்கும் முன்பே கிளினிக் கொப்பியோடு போய், மருந்தின் அளவை மாற்றவேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கந்தசஷ்டி விரதமென்றாலும் ரமழான் நோன்பென்றாலும் இதேதான்.